தம்போபத்தா நாட்குறிப்பு: ஓர் ஏரி, ஒரு மண்சுவர், சில கிழட்டு மரங்கள்

முதல் நாள்: புவேர்த்தோ மல்தொனாதோ

இன்று காலை பெரு நாட்டின் மலை நகரமான குஸ்கோவில் பத்துப் படிகள் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. நண்பகலில் புவேர்த்தோ மல்தொனாதோ விமான நிலையத்தில் இறங்கியபோது காற்று ஈரத்தோடும் வெப்பத்தோடும் நெஞ்சு நிறையப் புகுந்தது. ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலிருந்து 200 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் விமானம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் மேகம் சற்றே விலகியபோது, மலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பைச் சன்னல் வழியே பார்த்தோம். அதன்பிறகு மரமுடிகளையும் அவற்றிடையே வளைந்து வளைந்து செல்லும் செம்மண் நிற ஆறுகளையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பெரு நாட்டின் தென்கிழக்கில், மாத்ரே தெ தியோஸ் என்னும் பேராற்றில் தம்போபத்தா ஆறு வந்து கலக்கும் முனையில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. இங்கிருந்து ஓடும் நீர் பேனி, மதெய்ரா ஆறுகளின் வழியாக அமேசானைச் சேர்ந்து, கண்டத்தின் மறுபக்கத்தில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. பிரேசிலையும் பசிபிக் கரையையும் இணைக்கும் நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியாகவே செல்கிறது; அதற்காகக் கட்டப்பட்ட நீண்ட பாலம் 2011இல் திறக்கப்பட்டது. மாலையில் அந்தப் பாலத்தின் மேல் நின்று, கீழே மரப்படகுகள் ஆற்றைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீண்ட தண்டுடைய எஞ்சின் பூட்டிய இந்தப் படகுகளுக்கு அவற்றின் ஓசையையே பெயராக்கி, பெக்கெபெக்கே என்று அழைக்கிறார்கள்.

இரவில் எங்கள் வழிகாட்டி விடுதிக்கு வந்தார். இந்த ஆற்றங்கரையின் பூர்வகுடியான எசே எஹா மக்களில் ஒருவர். பதினைந்து ஆண்டுகளாக இப்பணியில் இருக்கிறார். என்னென்ன பார்க்க ஆசை என்று கேட்டார். பறவை நோக்குவதில் இருபது ஆண்டுகளைச் செலவிட்டவன் என்பதால் என்னிடம் ஒரு பட்டியல் தயாராக இருந்தது: பஞ்சவர்ணக்கிளிகள், ராட்சத நீர்நாய், சிலந்திக் குரங்கு, ஹோட்சின் பறவை, இயன்றால் ஜாகுவார். அவர் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக ஓர் இடத்தைச் சொன்னார். நீர்நாய் என்றதற்கு ஓர் ஏரியின் பெயர். பஞ்சவர்ணக்கிளி என்றதற்கு முதலில் ஆற்றங்கரை மண்சுவர் ஒன்று, பிறகு ஒரு மரத்தின் பெயர். ஜாகுவாருக்கு மட்டும் அவரிடம் இடம் இல்லை. காடு முழுவதும் அதன் இடம் என்றார்.

வேதியியல் ஆசிரியையான என் மனைவிக்கு அந்த மண்சுவரின் மீதுதான் ஆர்வம். கிளிகள் ஏன் மண்ணைத் தின்ன வேண்டும் என்று விமானத்திலேயே கேட்கத் தொடங்கிவிட்டார். பார்த்துவிட்டுப் பேசலாம் என்று வழிகாட்டி சிரித்தார்.

இரண்டாம் நாள்: சந்தோவால் ஏரி

விடியும் முன்பே படகேறி, மாத்ரே தெ தியோஸ் ஆற்றில் நீரோட்டத்தோடு அரை மணி நேரம் கீழ்நோக்கிச் சென்றோம். கரையேறியபின் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் சேற்றுப் பாதை. இது வறண்ட பருவமான ஆகஸ்ட் மாதம். ஆனாலும் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அந்தப் பாதையில் நடக்க முடிந்திராது. பாதை முடிந்ததும், நீரில் வேரூன்றி நிற்கும் பனைகளுக்கிடையே செல்லும் குறுகிய வாய்க்கால் வழியாகத் துடுப்புப் படகில் ஏரிக்குள் நுழைந்தோம். ஏரியில் மோட்டாருக்கு அனுமதி இல்லை.

பள்ளிப் புவியியலில் குருட்டாறு என்று படித்திருப்போம். சமவெளி ஆறு தன் வளைவைத் தானே அறுத்துக்கொண்டு நேர்வழியில் ஓடத் தொடங்கும்போது, கைவிடப்பட்ட பழைய வளைவு ஏரியாகத் தேங்கி நிற்கும். இங்கே அதைக் கோச்சா என்கிறார்கள். காடெங்கும் ஆறுகள் ஓடினாலும் அவற்றின் நீர் கலங்கி, வேகமாக, ஏற்ற இறக்கத்தோடு ஓடுகிறது. அசையாத நீரும் மீன்களும், முன்னால் போகும் மீன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தெளிவும் வேண்டிய விலங்குகளுக்கு இப்படிப்பட்ட ஏரிகளே வாழ்விடம். அத்தகைய ஏரிகளோ மிகக் குறைவு.

முதலில் கண்ணில் பட்டது ஹோட்சின். கரையோரப் புதரில் கோழியளவு பறவைகள் ஏழெட்டு, சிலிர்த்த கொண்டையும் நீல முகமும் சிவந்த கண்களுமாக, பறக்க மனமில்லாதவைபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து அமர்ந்திருந்தன. ஷான்ஷோ என்பது அதன் உள்ளூர்ப் பெயர். இது இலை தின்னும் பறவை. மாடு இரைப்பையில் செய்வதைப்போல, தன் பெரிய தொண்டைப்பையில் நுண்ணுயிர்களைக்கொண்டு இலைகளை நொதிக்கவைத்துச் செரிக்கிறது. அதனால் அதன்மேல் சாண வாடை வீசுகிறது; அந்தப் பை மார்பில் அடைத்துக்கொண்டிருப்பதால் பறக்கும் தசைகளுக்கு இடம் குறைந்து, சில மீட்டர் பறப்பதற்குள் களைத்துவிடுகிறது. குஞ்சுகளின் ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு நகங்கள் இருக்கும். ஆபத்து வந்தால் குஞ்சு கூட்டிலிருந்து நீரில் குதித்து, நீந்திக் கரைசேர்ந்து, அந்த நகங்களால் கிளைகளைப் பற்றி மீண்டும் கூட்டுக்கு ஏறிவிடும். எனவே கூடு நீரின்மேல் தொங்கும் கிளையில்தான் இருந்தாக வேண்டும். அமைதியான நீர் இல்லையென்றால் அந்த நகங்களால் பெரிய பயன் இல்லை.

ஒன்பது மணிக்கு ஏரியின் மறுகோடியில் கரகரப்பான குரல்கள் கேட்டன. என் மனைவியின் காது என்னுடையதைவிடக் கூர்மையானது. அவர்தான் முதலில் கை காட்டினார். நீரில் ஏழு தலைகள். ராட்சத நீர்நாய்கள் எங்களைக் கண்டதும் கழுத்தை நீருக்கு மேலே நிமிர்த்தி, மூக்கால் சீறி எச்சரித்தன. வால்நுனி வரை 1.5 மீட்டரிலிருந்து 1.8 மீட்டர் வரை நீளும் இந்த விலங்கு, பெற்றோரும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுமாகக் குடும்பமாகவே வாழ்கிறது. ஒன்று மட்டும் ஒரு மீனை இரு முன்கால்களால் பிடித்து, தலையிலிருந்து கறுக்முறுக்கென்று கடித்துத் தின்றது. அந்த ஓசை எங்கள் படகு வரை கேட்டது. வளர்ந்த ஒரு நீர்நாய் நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ மீன் தின்னும் என்பதால், ஓர் ஏரியில் எத்தனை குடும்பம் வாழ முடியும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். இந்த ஏரிக்கு ஒன்றுதான்.

ஒவ்வொரு நீர்நாயின் தொண்டையிலும் வெளிர்மஞ்சள் திட்டு ஒன்று உண்டு. ஒன்றின் திட்டைப்போல் மற்றொன்றின் திட்டு இருக்காது. மனிதனின் கைரேகையைப்போல் ஆளை அடையாளம் காட்டிவிடும். 1990களின் தொடக்கத்திலிருந்து பிராங்க்பர்ட் விலங்கியல் சங்கத்தின் ஆய்வாளர்கள் தென்கிழக்குப் பெருவின் ஏரிகளில் இந்தத் திட்டுகளைப் படமெடுத்தே நீர்நாய்களை ஆண்டுதோறும் கணக்கெடுத்துவந்திருக்கிறார்கள். 1940களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை தோலுக்காக இவ்விலங்கு அமேசான் முழுவதும் வேட்டையாடப்பட்டு, பல ஆறுகளில் இல்லாமலே போயிற்று. பகலில் நடமாடுவது, கூட்டமாகக் குரலெழுப்புவது, படகைக் கண்டால் ஒளியாமல் எட்டிப்பார்ப்பது ஆகிய பழக்கங்கள் துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு வசதியாகிவிட்டன. இன்று காலை எங்களை எட்டிப்பார்த்த அந்த ஏழு கழுத்துகளையும் இதை நினைக்காமல் பார்க்க முடியவில்லை.

வழிகாட்டியிடம் திட்டுகளை வரைந்துவைத்த பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நான் எடுத்த படங்களைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். ஊருக்குத் திரும்பியதும் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடலாம் என்று முடிவாயிற்று.

மாலையில், அகுவாஹே பனைகளின் பட்டுப்போன தண்டுகளில் அடைவதற்காகச் செவ்வயிற்றுப் பஞ்சவர்ணக்கிளிகள் இணையிணையாக வந்தன. இருட்டியபின் டார்ச் ஒளியில் கருப்புக் கைமன் முதலையின் கண்கள் கங்குகளாகத் தெரிந்தன. ஐந்து மீட்டர் வரை வளரக்கூடிய அம்முதலையும் தோலுக்காக ஒருகாலத்தில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டதுதான்.

மூன்றாம் நாள்: தம்போபத்தா ஆற்றில் மேல்நோக்கி

நாள் முழுவதும் படகில் இருந்தோம். இன்ஃபியெர்னோ என்னும் எசே எஹா கிராமத்தைக் கடந்தோம். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு நரகம் என்று பொருள். வழிகாட்டியின் தாய் பிறந்த ஊர் அது. ஆற்றின் மேற்பகுதியில் 2000இல் அறிவிக்கப்பட்ட தம்போபத்தா தேசியக் காப்பகம் சுமார் 2,75,000 ஹெக்டேர் பரப்புடையது. அதையொட்டி 1996இல் உருவான பவாஹா சொனேனே தேசியப் பூங்கா பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் விரிகிறது. பவாஹா என்பது தம்போபத்தா ஆற்றுக்கு எசே எஹா மக்கள் வைத்த பெயர். வரைபடத்தில் அந்தப் பெயர் இருப்பதை வழிகாட்டி எங்களுக்கு விரலால் தொட்டுக் காட்டினார்.

நண்பகலில், ஆற்றில் சாய்ந்து கிடந்த மரக்கட்டையின்மேல் நான்கு ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தாரிகாயா என்னும் மஞ்சள்புள்ளி ஆற்றாமை அது. அவற்றின் முகத்தைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சிகள் மொய்த்தன. தொலைநோக்கியில் பார்த்தபோதுதான் விளங்கியது: பட்டாம்பூச்சிகள் ஆமையின் கண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. ஆமை கண்ணை மூடித் தலையைத் திருப்புகிறது. அவை எழுந்து மறுகண்ணில் அமர்கின்றன. பத்து நிமிடம் படகை நிறுத்தி அதையே பார்த்தோம். கண்ணீரில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டு முடிப்பதற்குள், உப்பு என்றார் என் மனைவி. எங்கள் கைகளிலும் கழுத்திலும் சின்னஞ்சிறு தேனீக்கள் காலையிலிருந்தே வியர்வையை நக்கிக்கொண்டிருந்தன; அவற்றை விரட்டுவதை அதன்பின் விட்டுவிட்டோம்.

இரவு விடுதியைச் சுற்றி ஒரு மணி நேர நடை. இலைவெட்டி எறும்புகள் இருளிலும் ஓயவில்லை. நகத்தளவு பச்சைத் துண்டுகளைத் தலைக்குமேல் தூக்கியபடி, உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து மழித்த பாதையில் சென்றன. அந்த இலைகளை அவை தின்பதில்லை. நிலத்தடியில் அவற்றின்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சையையே உண்கின்றன. வேர் ஒன்றின் அடியில் இசுலா என்னும் தோட்டா எறும்பைக் காட்டி, கை ஊன்றும் இடத்தைப் பார்த்து ஊன்றுமாறு வழிகாட்டி எச்சரித்தார். அதன் கொட்டு ஒருநாள் முழுவதும் வலிக்கும்.

நான் மறக்க முடியாதது ஒரு வளை. கைப்பிடியளவு தடித்த சிலந்தி வாயிலில் அமர்ந்திருந்தது. அதன் கால்களுக்கிடையே, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய புள்ளித் தவளை ஒன்று சலனமின்றி உட்கார்ந்திருந்தது. தவளைகளைப் பிடித்துத் தின்னும் சிலந்திதான் அது. ஆனால் இந்தத் தவளையை மட்டும் வாயுறுப்புகளால் தொட்டுப் பார்த்து, அடையாளம் கண்டதுபோல் விட்டுவிடுகிறது. சிலந்தியின் முட்டைகளைத் தாக்கவரும் எறும்புகளைத் தவளை தின்பதும், சிலந்திக்கு அஞ்சி மற்ற விலங்குகள் தவளையை நெருங்காததும் இந்த உறவுக்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நான்காம் நாள்: குளிர்

நள்ளிரவில் தெற்கிலிருந்து காற்று திரும்பியது. தென்துருவப் பக்கமிருந்து எழும் குளிர்காற்று, ஆண்டிஸ் மலையின் ஓரமாகத் தடையின்றி இதுவரை வந்துவிடுவதுண்டு, ஃபிரியாஹே என்கிறார்கள். நேற்று 33 டிகிரி காட்டிய வெப்பமானி இன்று காலை 14இல் நின்றது. தூறலும் இருந்தது. காடு வாயடைத்துப்போயிருந்தது, ஊளைக் குரங்குகளின் விடியற்கால முழக்கம்கூட இல்லை. மண்சுவருக்கு எதிரே மூன்று மணி நேரம் கம்பளி போர்த்திக் காத்திருந்தோம். ஒரு கிளியும் இறங்கவில்லை. மழைநாளில் அவை வருவதில்லை என்பது தெரிந்தும் வழிகாட்டி எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள்: மண்சுவர்

அதிகாலை நான்கரை மணிக்கே வானில் விண்மீன்கள் தெரிந்தன. மலினோவ்ஸ்கி காவல் சாவடிக்கு மேலே, சுஞ்சோ என்று பெயர்பெற்ற மண்சுவரின் எதிர்க்கரையில் மறைவாக அமர்ந்தோம். ஆண்டிஸ் மலைப் பழங்குடிகளின் கேச்சுவா மொழியில் உப்பு மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த கொல்பா என்னும் பெயராலேயே இத்தகைய சுவர்களை இங்கே அனைவரும் அழைக்கிறார்கள்.

முதலில் ஒலி வந்தது. ஐந்தரை மணிக்குப் பிறகு, நீலத்தலைக் கிளிகளும் மாவு பூசினாற்போன்ற பெரும் பச்சைக்கிளிகளும் கூட்டங்கூட்டமாக வந்து, சுவருக்கு மேலுள்ள மரங்களில் அமர்ந்து கத்தத் தொடங்கின. அவை உடனே இறங்கவில்லை. ஒரு பருந்தின் நிழல் போதும், நூறு கிளிகளும் ஒரே வெடிப்பாக எழுந்து வட்டமிட்டு, மீண்டும் அமர்ந்து, மீண்டும் ஆலோசித்தன. கடைசியில் ஒன்று துணிந்து சுவரில் தொற்றியது. அதன்பின் ஒரு நிமிடத்துக்குள் சுவரின் அப்பகுதி பச்சையாகிவிட்டது.

பஞ்சவர்ணக்கிளிகள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தன. சிவப்பும் பச்சையுமான பெரிய வகை, கருஞ்சிவப்பு வகை, நீலமும் மஞ்சளுமான வகை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்து இறங்கின. எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டியதும் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பெரும்பாலானவை இணையாகவே பறந்தன. இணைக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று பறந்தால் அது சென்ற பருவத்துப் பிள்ளை என்றார் வழிகாட்டி. சுவரில் தலைகீழாகத் தொங்கி, அலகால் மண்ணைப் பெயர்த்து, ஒரு காலில் பிடித்துக் கடித்தன. நல்ல கட்டி கிடைத்த கிளியைப் பக்கத்துக் கிளி துரத்தியது. எல்லாம் சுவரின் குறிப்பிட்ட ஒரு படிவத்தில் மட்டுமே நடந்தன. அதற்கு மேலும் கீழும் இருந்த மண்ணை எதுவும் தொடவில்லை.

அந்தப் படிவத்தில்தான் விடை இருக்கிறது. கிளிகள் தின்னும் காய்களிலும் விதைகளிலும் உள்ள நஞ்சைக் களிமண் உறிஞ்சிக்கொள்கிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம். ஆய்வகச் சோதனைகளில் அதற்கு ஆதரவும் உண்டு. ஆனால் இந்த ஆற்றங்கரையில் 1989இல் தொடங்கிய பஞ்சவர்ணக்கிளி ஆய்வுத் திட்டத்தைப் பின்னர் ஏற்று நடத்திவரும் டொனால்ட் பிரைட்ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் மண்ணைப் பகுத்துப் பார்த்தபோது, கிளிகள் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் சோடியம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். குஞ்சு வளர்க்கும் காலத்தில் வருகை கூடுவதும் அதற்குப் பொருந்துகிறது.

என் மனைவி இதைத் தன் வகுப்பில் சொல்வதைப்போல் எனக்கு விளக்கினார். கடலில் எழும் காற்று உப்பைச் சுமந்துவருகிறது. வழியில் பெய்யும் ஒவ்வொரு மழையும் அதில் ஒரு பங்கை இறக்கிவிடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து கண்டம் முழுவதையும் கடந்து மேற்கு அமேசானுக்கு வரும் மேகத்தில் உப்பு ஏறத்தாழத் தீர்ந்துபோயிருக்கும். இங்கு பெய்யும் மழையோ மண்ணிலுள்ள கொஞ்சநஞ்சத்தையும் கரைத்து ஆற்றில் விடுகிறது. பெரும்பாலான செடிகளுக்குச் சோடியம் தேவையில்லை என்பதால் இலையிலும் கனியிலும் அது சேர்வதுமில்லை. ஆனால் நரம்பும் தசையும் உள்ள எந்த விலங்கும் அது இல்லாமல் வாழ முடியாது. அதனால்தான் ஆமையின் கண்ணீரும் எங்கள் வியர்வையும் இந்தச் சுவரும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உணவே நிறைந்திருப்பதாகத் தோன்றும் காட்டில், ஒரு சிட்டிகை உப்புக்காக இத்தனை உயிர்கள் பருந்துக்கு அஞ்சி அஞ்சி இறங்குவதைக் கண்ணால் கண்டது எனக்கு இந்தப் பயணத்தின் பெரும் பேறு.

சச்சாவாக்கா எனப்படும் டேப்பிர், அதாவது பன்றியை ஒத்த பெரிய காட்டு விலங்கு, இரவில் இதே போன்ற சுவர்களுக்கு வரும். தரையிறங்கவே அஞ்சும் சிலந்திக் குரங்குகளும் உப்பு மண்ணுக்காக மட்டும் இறங்கும்.

ஆறாம் நாள்: கிழட்டு மரங்கள்

மண்சுவரில் பார்த்த கிளிகள் கூடு வைக்கும் இடத்தைக் காட்டுவதாக வழிகாட்டி சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரம் நடந்தபின், ஷிவாவாக்கோ மரம் ஒன்றின் அடியில் நின்றோம். வெளிர்ப்பழுப்புத் தண்டு கிளையே இல்லாமல் முப்பது மீட்டருக்கு மேல் எழுந்து, மற்ற மரமுடிகளுக்கு மேலே போய் விரிந்தது. இரும்புபோல் கனத்த மரம் இது. வளர்ச்சியோ மிக மெதுவானது. ஒரு மீட்டர் விட்டம் அடைவதற்குச் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். கிளை முறிந்த காயம் உள்ளே உளுத்து, பஞ்சவர்ணக்கிளி நுழையும் அளவு பொந்தாவதற்கு அதற்கும் மேலான காலம் தேவை. பஞ்சவர்ணக்கிளிக்குப் பொந்தைத் தானே குடைந்துகொள்ளும் ஆற்றல் இல்லாததால், ஒரு பொந்துக்காக இணைகள் சண்டையிடுகின்றன. காலியான பொந்து ஒரு பருவம்கூடச் சும்மா இருப்பதில்லை. ஹார்ப்பி கழுகும் தன் பெருங்கூட்டை அமைக்கப் பெரும்பாலும் இத்தகைய மரங்களையே நாடுகிறது.

இந்த மரம் தரைப் பலகைகளுக்காக வெட்டி ஏற்றுமதி செய்யப்படுகிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2022இல் பனாமாவில் நடந்தபோது இதன் பேரினம் முழுவதும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தாமதமாக வந்த நல்ல முடிவு என்றே சொல்வேன்.

பொந்துப் பற்றாக்குறையைப் போக்க, 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் குழாய்களாலும் மரப்பெட்டிகளாலும் செயற்கைக் கூடுகளைக் கயிறு கட்டி மரமுடிக்கு ஏற்றிவருகிறார்கள். கருஞ்சிவப்புக் கிளிகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. அவற்றின் மூலம் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது: ஓர் இணை மூன்று நான்கு முட்டைகள் இட்டாலும், கடைசியாகப் பொரிந்த குஞ்சுகளுக்குப் பெற்றோர் உணவு தராமல் விட்டுவிடுவதால், பொதுவாக ஒன்றிரண்டே பிழைக்கின்றன. அப்படிப் பட்டினியில் சாகவிருந்த குஞ்சுகளைச் சில வாரம் கையால் ஊட்டி வளர்த்து, ஒரே குஞ்சோடு இருக்கும் வேறொரு கூட்டில் சேர்த்துப் பார்த்தார் பெரு நாட்டு ஆய்வாளரான கபிரியேலா விகோ. வளர்ப்புப் பெற்றோர் அவற்றைத் தம் குஞ்சுபோலவே ஏற்று வளர்த்தன. இதை வழிகாட்டி சொன்னபோது, என் மனைவி நெடுநேரம் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், பிரேசில் பருப்பு மரத்தின் கீழே தேங்காயளவு ஓடுகள் சிதறிக் கிடந்தன. உள்ளூரில் இதன் பெயர் கஸ்தான்யா. ஐம்பது மீட்டர் வரை உயரும் மரம்; பூத்த பிறகு காய் முற்ற ஓராண்டுக்கும் மேலாகும்; இரண்டு கிலோ வரை கனக்கும் காய்கள் மழைக்காலத்தில் குண்டுகளைப்போல் விழும். அப்பருவத்தில் பருப்புப் பொறுக்கக் காட்டுக்குள் வரும் குடும்பங்கள், காற்று வீசும் வேளையில் மரத்தடியை அணுகுவதில்லை. காய்க்குள் பத்து முதல் இருபத்தைந்து வரை விதைகள் இருக்கும். ஓட்டில் ஒரு சிறு துளை இருந்தாலும் விதை அதன் வழியே வெளிவராது. அதைக் கடித்துத் திறக்கும் வேலையை அன்யூஹே, அதாவது முயலளவுள்ள அகூட்டி என்னும் கொறிவிலங்கு செய்கிறது. அது சிலவற்றைத் தின்று, மிச்சத்தை அங்கங்கே புதைத்து வைக்கிறது. தேடி எடுக்காமல் விட்டவற்றிலிருந்து கன்று முளைக்கிறது. பூவுக்கோ, அதன் சுருண்ட கவசத்தைத் தூக்கித் திறக்கும் வலுவுள்ள பெரிய தேனீக்கள் வேண்டும். அவற்றில் முக்கியமானவை ஆர்க்கிட் தேனீக்கள். ஆண் தேனீக்கள் நறுமணம் சேர்க்க ஆர்க்கிட் பூக்களை நாடும். ஆர்க்கிட் வளரக் காடு வேண்டும். இந்தப் பருப்பு உலகச் சந்தைக்கு வந்தாலும், பெரும்பங்கு தோட்டத்திலிருந்து வராமல் இன்றும் காட்டிலிருந்தே வருவதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் ஓட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே கிளைகள் சலசலத்தன. மக்கிசாப்பா எனப்படும் கருப்புச் சிலந்திக் குரங்குகள் நான்கு, வாலையும் ஐந்தாவது கையாகப் பயன்படுத்தி, எங்களுக்கு நேர்மேலே கடந்து சென்றன. தாய் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும். வேட்டை தொடங்கும் காட்டில் முதலில் இல்லாமல்போவது இக்குரங்கு. கடைசியாகச் சென்ற தாய், குட்டி தாண்ட அஞ்சிய இடைவெளியில் தன் உடலையே பாலமாக நீட்டி நின்றது. குட்டி அதன் முதுகின்மேல் நடந்து மறுகிளையை அடைந்தது.

ஏழாம் நாள்: திரும்பும் வழி

ஆற்றோடு இறங்கும் பயணம் விரைவாக முடிந்தது. மலினோவ்ஸ்கி ஆறு தம்போபத்தாவில் கலக்கும் இடத்தில் நீர் கூடுதலாகக் கலங்கியிருந்தது. அவ்வாற்றின் மேற்பகுதியிலும், காப்பகத்தை ஒட்டிய லா பம்பா பகுதியிலும் பல ஆண்டுகளாகச் சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டுகிறார்கள். ஆற்று வண்டலில் கலந்துள்ள பொன்துகளைப் பாதரசத்தால் திரட்டி, பின் அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக விடுகிறார்கள். 2019 பிப்ரவரியில் அரசு பெரும் படையை அனுப்பி லா பம்பாவைக் காலி செய்தது. ஆனாலும் தோண்டுதல் வேறிடங்களுக்குப் பரவியது. அந்தப் பாதரச ஆவி எங்கே போகிறது என்பதற்கு 2022இல் வெளியான ஆய்வு ஒன்று விடை தருகிறது: சுரங்கங்களுக்கு அருகில் நன்கு வளர்ந்த காட்டின் இலைகள் அதைக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்கின்றன; இலையோடும் மழையோடும் அது மண்ணுக்கு இறங்குகிறது. அங்குள்ள பறவைகளின் இறகிலும் அது தென்பட்டது. ஆற்றில் சேர்வது மீனுக்குள் ஏறுகிறது. மீன் தின்னும் மனிதருக்கும் நீர்நாய்க்கும் போய்ச் சேர்கிறது.

நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம், மேய்ச்சல் நிலங்களின் நடுவே ஒற்றை ஒற்றையாகக் கஸ்தான்யா மரங்கள் நின்றன. அவற்றை வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால் சுற்றியிருந்ததை மட்டும் அழித்துவிட்டு விட்டிருக்கிறார்கள். தேனீயும் அகூட்டியும் இல்லாத அந்த வெளியில் அவை சரியாகக் காய்ப்பதில்லை.

மாலையில், படகுத்துறைக்கு மேலுள்ள சிறு உணவகத்தில் வழிகாட்டி தம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். என் கேமராத் திரையில் ஒவ்வொரு நீர்நாயின் தொண்டையையும் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் பென்சில் படங்களோடு ஒப்பிட்டார். பெண்தலைவியை உடனே கண்டுகொண்டார். அதன் திட்டு நடுவில் பிளந்திருக்கும். அடுத்தடுத்து நான்கு அடையாளம் தெரிந்தன. ஆறாவதைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமலிருந்தார். சென்ற ஆண்டு வேறோர் ஏரியில் தாம் வரைந்த ஓர் இளம் ஆணின் திட்டு அது என்றார். ஏழாவது, தாயின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த சிறியது. அதன் படம் தெளிவாக இல்லை. புதுப் பக்கத்தைத் திருப்பி, தேதியையும் ஏரியின் பெயரையும் எழுதி, திட்டு வரைய வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அடுத்த வாரம் தாமே போய்ப் பார்த்து வரைந்துகொள்வதாகச் சொன்னார்.